நிறுத்தக் கற்போம்!

"என்ன வேகம்! என்ன வேகம்!" என்று ஒரு காரைப் புகழக் கேட்டிருக்கிறோம். "என்ன அழகாக நிற்கிறது!" என்று எவரேனும் புகழ்ந்து கேட்டதுண்டா? ஓட்டத்துக்குக் கைதட்டுகிறோம், நிறுத்தத்தை மறந்துவிடுகிறோம். இந்தக் குறை என்னிடமும் இருந்தது. அதை மறைக்காமல் சொல்வதற்கே இக்கட்டுரை.

சரோஜினி நகரில், அரசுக் குடியிருப்பொன்றில், மாமா வீட்டில் தங்கி இயற்பியல் முதுகலை படிப்பவன் நான். பொறியியல் கல்லூரி நண்பர்கள் சிலர், மாணவர் போட்டிக்காக ஒருவர் அமரும் சிறு காரைத் தாங்களே கட்டினார்கள். சட்டம் அவர்கள் பற்றவைத்தது. உறுப்புகள் பல இடங்களில் வாங்கிச் சேர்த்தவை. "பிரேக் கணக்கை நீ போட்டுத் தா" என்றார்கள். மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன்.

இது நம்மவர்க்குப் புதிய துறை அன்று. தில்லியை அடுத்த குர்கானில் 1983இல் வெளிவந்த மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு, குறைந்த செலவில் பந்தயக் கார்கள் செய்து காட்டியவர் கோவையைச் சேர்ந்த கரிவர்தன். அவருடைய ஃபார்முலா மாருதி வண்டியில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா ஒன் களத்தில் இறங்கிய முதல் இந்தியரானார். கோவை செட்டிபாளையத்தில் கரிவர்தன் பெயர் தாங்கிய ஓடுதளத்தில்தான், மாணவர்கள் தாமே கட்டிய கார்களைக் கொண்டுவரும் ஃபார்முலா பாரத் போட்டி நடந்திருக்கிறது.

நான் போட்ட கணக்கு எளியது. பிரேக் பெடல் ஒரு நெம்புகோல். அதன் விகிதம் ஐந்துக்கு ஒன்று என வைத்தோம். கால் 300 நியூட்டன் விசையோடு அழுத்தினால், பெடலையும் மாஸ்டர் சிலிண்டரையும் இணைக்கும் தண்டு 1,500 நியூட்டனோடு தள்ளும். சிலிண்டரின் குறுக்களவு 19 மில்லிமீட்டர். ஆகவே உள்ளிருக்கும் பிரேக் எண்ணெயில் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ ஐம்பது மடங்கு அழுத்தம் எழும். 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்ட விதிப்படி, அந்த அழுத்தம் குழாய் வழியே நான்கு சக்கரங்களுக்கும் குறையாமல் சென்று சேரும். தாளில் எல்லாம் சரி!

தண்டின் நீளத்தைத் திருகிச் சரிசெய்யும் வேலையும் என்னிடம் வந்தது. "கால் வைத்தவுடனே பிரேக் பிடிக்க வேண்டும், இடையில் ஆட்டமே கூடாது" என்று எண்ணி, தண்டு பிஸ்டனை இறுக முட்டும்வரை நீட்டி, லாக் நட்டை முடுக்கினேன்.

கல்லூரி மைதானத்தில் முதல் இரண்டு சுற்றுகள் அருமையாக ஓடின. மூன்றாவது சுற்றில் வண்டி தயங்கியது. நான்காவதில் முன்சக்கரங்கள் புகைந்தன. ஐந்தாவதில், ஓட்டிய நண்பன் பெடலைத் தொடாமலே சக்கரங்கள் இறுகி, வண்டி பக்கவாட்டில் திரும்பி, மண்மேட்டில் முட்டி நின்றது. அவனுக்குக் காயமில்லை. அவன் முகம் வெளுத்திருந்ததை மட்டும் நான் இன்னும் மறக்கவில்லை.

அன்று மாலை, சரோஜினி நகர்ச் சந்தைக்குப் பின்னால் மரத்தடியில் வண்டி பழுதுபார்க்கும் முதியவரிடம் சென்றேன். உஸ்தாத் என்றே எல்லாரும் அவரை அழைப்பார்கள். என் கணக்குத் தாளை நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. எதிரே நின்ற பழைய மாருதியின் கதவைத் திறந்து, "பேட்டா, அந்தப் பெடலைக் கையால் அழுத்து" என்றார். அழுத்தினேன். சில மில்லிமீட்டர் தூரம் எதிர்ப்பே இல்லாமல் இறங்கி, அதன் பிறகே கனத்தது. "அந்த ஆட்டம் உன் வண்டியில் இருக்கிறதா?" என்று கேட்டார். எனக்குப் பேச்சு எழவில்லை.

மாஸ்டர் சிலிண்டருக்கும் மேலுள்ள எண்ணெய்க் கிண்ணத்துக்கும் இடையே ஊசிமுனை போன்ற ஒரு துளை உண்டு. காலை எடுத்ததும் பிஸ்டன் முழுதும் பின்வாங்கினால்தான் அத்துளை திறக்கும். சூட்டில் விரிந்த எண்ணெய் அதன் வழியே மேலேறும். நான் தண்டை இறுக்கியதால் பிஸ்டன் பின்வாங்க இடமில்லை. துளை மூடியே கிடந்தது. சூடேறிய எண்ணெய் போக வழியின்றிச் சக்கரங்களையே பிடித்துக்கொண்டது. பிஸ்டன் முன் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருந்தால், பெடலில் ஐந்து மில்லிமீட்டர் ஆட்டம் தெரிந்திருக்கும். அவ்வளவே! அந்த ஒரு மில்லிமீட்டருக்கு என் தாளில் இடமில்லை.

தொழிற்சாலையில் செய்த காரை எத்தனையோ கண்கள் சோதித்த பிறகே நாம் வாங்குகிறோம். நாமே கட்டும் காருக்கோ நாமே கடைசிக் கண். தண்டு நேராக நிற்கிறதா? சாய்ந்து தள்ளினால் பிஸ்டனின் ரப்பர் தேயும். சிலிண்டரைத் தாங்கும் தகடு உறுதியானதா? தகடு வளைந்தால் பெடல் பஞ்சுபோல் அமுங்கும். நாமோ குழாயில் காற்று புகுந்ததென்று எண்ணி ஏமாறுவோம். இணைப்பு ஊசி கழலாதபடி ஸ்பிளிட் பின் மாட்டினோமா? மாணவர் போட்டி விதிகள் பெடல் அமைப்பு 2,000 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும் என்கின்றன. இருநூறு கிலோ எடையைக் காலடியில் ஏற்றியதற்கு ஒப்பானது அது! நான்கு சக்கரங்களும் ஒருங்கே பூட்டி நின்று காட்டாத வண்டிக்குப் பந்தயத்தில் இடமும் இல்லை. அவ்விதிகளைத் தொல்லை என்று முணுமுணுத்தவன் நான். இன்று அவற்றை வணங்குகிறேன்.

நண்பர்களே! என் பிழை அறியாமை மட்டும் அன்று. கையில் கரி படிந்தவரைக் கேட்பது படித்தவனுக்கு இழுக்கு என்ற எண்ணமே அதன் வேர். அந்த எண்ணம் ஒரு நண்பனின் உயிரோடு விளையாடிற்று. தேர்வில் பிழை செய்தால் மதிப்பெண் போகும். பிரேக்கில் பிழை செய்தால் போவது மதிப்பெண்ணா?

நம் சங்கம் பட்டிமன்றம் நடத்துகிறது. பொங்கல் விழா நடத்துகிறது. நன்று, தொடரட்டும். ஆண்டுக்கு ஒருநாள் பட்டறை விழா ஒன்றும் நடத்தினால் என்ன? மேடையில் உஸ்தாத் போன்ற ஒருவரை அமர்த்துவோம். ஒரு பெடல், ஒரு தண்டு, ஒரு மாஸ்டர் சிலிண்டர் இவற்றை மேசைமேல் வைப்போம். இயற்பியல் மாணவரும் இலக்கிய மாணவரும் தம் கையாலேயே திருகிப் பார்க்கட்டும். அதற்கான முதல் நன்கொடையாக என் ஸ்பேனர் பெட்டியைத் தருகிறேன்.

நண்பர்களின் கார் இப்போது ஓடுகிறது. அதைவிட முக்கியம், நிற்கிறது. ஒவ்வொரு முறையும் அது புறப்படுமுன், நான் குனிந்து பெடலைக் கையால் ஆட்டிப் பார்க்கிறேன். நண்பன் சிரிக்கிறான். சிரிக்கட்டும், அவன் சிரித்துக்கொண்டே திரும்பி வரவேண்டும் என்பதற்காகத்தானே அந்த ஐந்து மில்லிமீட்டர்!