பெரிய ஃபேன் வேண்டாம், சரியான ஃபேன் போதும்

தில்லிக் குளிரில் வெற்றிலைக் கொடியைக் காப்பாற்றுவது எத்தனை பாடு என்பது நம் சங்கத்துத் தாய்மார்களுக்குத் தெரியும். ஜனவரி இரவில் 4, 5 டிகிரி என்று இறங்கினால் கறிவேப்பிலை மொட்டையாகிவிடும்; வெற்றிலை கருகியே போகும். ஊரிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த கொடி என்றால் மனசு கேட்குமா?

என் மனைவியின் வருத்தத்தைப் பார்த்து, 2024 டிசம்பரில் மகன் ஒரு செடிக் கூடாரம் வாங்கி வந்தான். நாலடி நீளம், இரண்டடி அகலம், ஆறடி உயரம். உள்ளே 100 வாட் எல்.இ.டி. விளக்கு. ஃபேன் மட்டும் கடைக்காரர் சொன்னபடி ஆறு அங்குலம், நிமிடத்துக்கு 400 கன அடி காற்றை இழுப்பது. "பெரிசா இருந்தா நல்லதுதானே அப்பா" என்றான்.

பத்தே நாளில் வெற்றிலையின் ஓரம் காய்ந்தது. ஈரமானியைப் பார்த்தால் 30 சதவீதம். அதைவிட மோசம், பேரனுக்கு இருமல். ஃபேன் ஜன்னலுக்கு வெளியே தள்ளுகிற ஒவ்வொரு கன அடிக்கும் ஈடாக, வாசல் இடுக்கு, ஜன்னல் இடுக்கு வழியே தில்லியின் குளிரும் புகையும் வீட்டுக்குள் வந்தே தீரும். ஒரு பக்கம் ஹீட்டர் வைத்துக்கொண்டு மறுபக்கம் அந்தச் சூட்டை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தோம்!

ரயில் பெட்டிகளின் மின்பிரிவில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவன் நான். பெட்டிக்குள் எத்தனை பேர், எவ்வளவு காற்று வேண்டும் என்பதுதான் அங்கே முதல் கேள்வி. ஃபேனின் அளவு அப்புறம்தான் வரும். வீட்டில் மட்டும் அதை மறந்துவிட்டேன்.

கணக்கு எளிது. 4 x 2 x 6 என்றால் 48 கன அடி. நிமிடத்துக்கு ஒருமுறை காற்று மாறினால் தாராளம். எங்கள் ஃபேன் எட்டு முறை மாற்றியது. அடுத்து விளக்கின் சூடு: 100 வாட் சூட்டை, அறையைவிட 3 டிகிரிக்கு மேல் ஏறாமல் வெளியேற்றச் சுமார் 60 கன அடி போதும். குழாயும் வளைவும் கொஞ்சம் தின்னும் என்று 80 வைத்துக்கொள்ளுங்கள். நாலு அங்குல ஃபேனிலேயே இது கிடைக்கும்.

இன்னும் சில விஷயங்கள். சமையலறையில் சுவரில் பதிக்கிற எக்ஸாஸ்ட் ஃபேன் இதற்கு ஆகாது. நீளக் குழாயின் எதிர்ப்பைத் தாங்காமல் சும்மா சுற்றும். குழாயோடு இணைகிற ரகத்தையே, அதற்குரிய வேகக் கட்டுப்பாட்டோடு சேர்த்து வாங்குங்கள். ஃபேன் மேலே, காற்று நுழையும் வழி கீழே. கூடாரத்துச் சுவர் லேசாக உள்வாங்கினால் சரி, ஒட்டிக்கொண்டால் அதிகம். கரி வடிகட்டியும் தலையில் கட்டுவார்கள். வாசனையைப் போக்கவாம்! நமக்குக் கறிவேப்பிலை வாசனைதானே வேண்டும்?

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். குளிர் என்று ஜன்னல்களை அடைத்துவிட்டுப் பெரிய ஃபேனை ஓட்டாதீர்கள். குளியலறையில் கேஸ் கீசர் உள்ள வீடானால், வெளியே போகவேண்டிய நச்சு வாயு உள்ளேயே திரும்பலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

கோடையில் இந்த ஃபேனை நம்பியும் இருக்க வேண்டாம். எந்த ஃபேனும் கூடாரத்தை அறையின் சூட்டுக்குக் கீழே கொண்டுபோகாது. மே மாதத்தில் செடியை வெளியே நிழலில் வைப்பதே மேல்.

நம் ஊர்க் கொடிக்காலில் அகத்தி நிழல் உண்டு. உத்தரப் பிரதேசத்து மஹோபாவில் மூங்கிலும் நாணலும் வேய்ந்த பந்தலுக்குள் வெற்றிலை வளர்க்கிறார்கள். இரண்டிலும் காற்று உண்டு. ஆனால் வடிகட்டின, அடங்கிய காற்று. மின்சாரம் இல்லாத காலத்திலேயே அவர்கள் கண்டுபிடித்ததை, பணம் கொடுத்துக் கெடுத்துக்கொண்டவன் நான்.

ஃபேனை மாற்றினோம். பேரனின் இருமல் குறைந்தது. கொடியில் பாதி போய்விட்டது; மீதி துளிர்த்தது. அடுத்த குளிருக்குக் கூடாரம் வாங்க நினைக்கும் அன்பர்கள் முதலில் ஒரு அளவு நாடாவும் காகிதமும் எடுங்கள். கடைக்குப் போவது அதற்குப் பிறகு.