கமாண்டோ வந்தா கதை முடிஞ்சுடுமா?

"பேசிப் பேசி என்னத்தக் கண்டோம்? ராத்திரியோட ராத்திரியா நாலு கமாண்டோவ அனுப்புனா மேட்டர் ஓவர்."

சாப்பாட்டு மேஜைல நண்பர் ஒருத்தர் திருவாய் மலர்ந்தது இது. பேச்சு 'தி வெஸ்ட் விங்' தொடரைப் பத்தி. ஏழு சீசன் பார்த்த மனுஷனுக்கு மனசுல நின்னது மூணாவது சீசனோட கடைசிக் காட்சிதானாம். அதான் எரிச்சலாகி இந்தப் பதிவு.

பார்க்காதவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை. குமார்னு ஒரு கற்பனை நாடு (நம்மூர் குமார் இல்லீங்க). அதோட பாதுகாப்பு அமைச்சர் ஷரீஃப், அமெரிக்காவுல ஒரு பாலத்தைத் தகர்க்கத் திட்டம் போட்டவர். வழக்கு போட வழியில்ல. பொருளாதாரத்துல நோபல் பரிசு வாங்குன அதிபர் பார்ட்லெட், ரொம்ப மனப்போராட்டத்துக்கு அப்புறம் தலையாட்டுறார். பெர்முடால விமானத்தை இறக்கி, இருட்டுல வச்சு சுட்டுடறாங்க. 2002 மே மாசம் ஒளிபரப்பான எபிசோட்.

நண்பர் இதைப் பார்த்துட்டுக் கை தட்டுறார். எனக்கு ரெண்டு கேள்வி.

ஒண்ணு, அதுக்கு அப்புறம் வந்த சீசனைப் பார்த்தீங்களா இல்லையா? மூடி மறைக்கப் பொய், அந்தப் பொய்யைக் காப்பாத்த இன்னொரு பொய், பழி இஸ்ரேல் மேல, நிருபர் ஒருத்தர் மோப்பம் பிடிக்கிறார். 2003ல நாலாவது சீசன் முடியறப்ப அதிபரோட மகளையே கடத்திட்டுப் போயிடறாங்க. அப்பனா இருந்துக்கிட்டு அதிபராவும் இருக்க முடியாதுன்னு மனுஷன் நாற்காலிய எதிர்க்கட்சி சபாநாயகர்கிட்ட தற்காலிகமாக் கொடுத்துட்டு உட்காந்திருக்கார். மேட்டர் ஓவரா? அங்கதான்யா மேட்டரே ஆரம்பிக்குது!

ரெண்டாவது கேள்வி தொடரை எழுதினவங்களுக்கு. விளைவை நேர்மையாக் காட்டுன நீங்க, அந்த ஆபரேஷனை மட்டும் ஏன் வெண்ணெய்ல கத்தி இறங்குன மாதிரி காட்டுனீங்க? அரசியல் தொடர்கள்ல பெரும்பாலும் கமாண்டோன்னா இதான். பேரு கிடையாது, முகம் கிடையாது, அதிபர் பட்டனை அழுத்துனா வேலை முடிஞ்சிரும். நான் பொட்டி தட்டுறவன். முதல் தடவையே பிழையில்லாம ஓடுன புரோகிராமை இன்னிக்கு வரைக்கும் பார்த்ததில்ல.

நிஜத்துல நடந்ததைப் பாருங்க. 1980 ஏப்ரல், ஈரான். தூதரகத்துல பிணைக்கைதிகளா இருந்தவங்களை மீட்க கார்ட்டர் டெல்டா ஃபோர்ஸை அனுப்பினார். கிளம்புனது 8 ஹெலிகாப்டர். குறைஞ்சது 6 வேணும். ஒண்ணு இறக்கைல கோளாறுன்னு பாலைவனத்துல நின்னுச்சு. ஒண்ணு புழுதிப்புயல்ல மாட்டித் திரும்பிப் போச்சு. இன்னொண்ணு ஹைட்ராலிக் பழுது. மிச்சம் 5. சரி, கைவிட்டுடலாம்னு கிளம்பும்போது ஒரு ஹெலிகாப்டர் எரிபொருள் ஏத்தி வந்த விமானத்துல மோதி 8 பேர் செத்துப் போனாங்க. எதிரி ஒரு குண்டு கூட சுடல. இந்தத் திட்டத்தை எதிர்த்த வெளியுறவு அமைச்சர் சைரஸ் வான்ஸ் ராஜினாமா பண்ணிட்டார்.

கடைசில அந்த 52 பேர் எப்படி வீடு வந்தாங்க? அல்ஜீரியா நடுவுல இருந்து, மாசக்கணக்கா பேரம் பேசி, கையெழுத்துப் போட்டு, 1981 ஜனவரி 20ம் தேதி, 444 நாள் கழிச்சு. 52 பேரும் உயிரோட! பேசிப் பேசி என்னத்தக் கண்டோம்னு கேட்டீங்களே நண்பரே, இதைத்தான் கண்டோம்.

"அப்போ பின்லேடன்?"னு பின்னூட்டத்துல வருவீங்க, தெரியும். 2011 மே மாசம் அபோட்டாபாத்ல கூட ஒரு ஹெலிகாப்டர் அந்த வளாகத்துலயே விழுந்துச்சு. மாத்து ஹெலிகாப்டர்கள் பக்கத்துலயே தயாரா நின்னதால தப்பிச்சாங்க. 1980ல செத்தவங்க சொல்லிக் கொடுத்த பாடம் அது. 1993 மொகடிஷுவும் இருக்கு: 18 அமெரிக்க வீரர்கள், நூத்துக்கணக்கான சோமாலியர்கள். அந்த வருஷமே பாதுகாப்பு அமைச்சர் பதவி விலகல அறிவிச்சார்.

கமாண்டோ வேணாம்னு சொல்ல வரல. அவங்க தைரியத்துல எனக்குச் சந்தேகமே இல்ல. என் கோபம் எல்லாம், சோபால சாஞ்சுக்கிட்டு அவங்க உயிரை ரிமோட் பட்டனா நினைக்கிற நம்ம மேலதான். வெளிநாட்டுத் தலைவர்களைப் போட்டுத்தள்ள சதி பண்ணுனது அம்பலமாகி நாறினதுக்கு அப்புறம்தான், 1976ல அதிபர் ஃபோர்டு அரசியல் கொலைக்குத் தடை ஆணை போட்டார். அந்தத் தடையை மீறணுமேன்னுதான் பார்ட்லெட் அத்தனை எபிசோட் தவிக்கிறார். அந்தத் தவிப்புதான் கதை. அதை வேகமா ஓட்டிட்டுத் துப்பாக்கிச் சத்தத்துக்கு மட்டும் கை தட்டுனா, நீங்க பார்த்தது அரசியல் தொடரே இல்ல.

டிஸ்கி: மேற்படி நண்பர் இதைப் படிப்பார். மறுபடி சாப்பிடக் கூப்பிடுவாரான்னு தெரியல :-)