கர்ப்பிணியும் இரும்புச் சத்தும்

வளைகாப்பையும் சீமந்தத்தையும் குறைவின்றி நடத்துகிற குடும்பங்கள் அநேகம். கர்ப்பிணியின் ரத்தம் எந்த நிலையில் இருக்கிறதென்று விசாரிக்கிற குடும்பங்களோ சொற்பம். ஆகவே இவ்வாரம் அதைப் பற்றிச் சிறிது கூறுவோம்.

சிசு பிறக்கும்போதே ஒரு கட்டுச்சோறு கொண்டு வருகிறது. அதுதான் இரும்புச் சத்து. தாய்ப்பாலுக்கு இணையான ஆகாரம் குழந்தைக்கு வேறில்லை. எனினும் அதில் இரும்பு மிகக் குறைவு. முதல் ஆறு மாதத்துக்கு வேண்டியதைச் சிசு தாயின் வயிற்றிலேயே, முக்கியமாகக் கடைசி மூன்று மாதங்களில், சேமித்துக்கொள்கிறது. மூளை வளர்ச்சிக்கும் இந்தச் சேமிப்பு அவசியம்.

கர்ப்ப காலம் முழுவதற்கும் ஏறக்குறைய 1000 மில்லிகிராம் இரும்பு தேவை. அதில் சுமார் 300 சிசுவுக்கும் நஞ்சுக்கும் போகிறது. தாயிடம் இருப்புக் குறைந்தால் அவளுக்குச் சோர்வும் மூச்சுத் திணறலும் உண்டாகும். பிரசவத்தில் ஏற்படும் ரத்த நஷ்டத்தைத் தாங்கும் சக்தி குறையும். குழந்தை குறைமாதத்திலோ எடை குறைந்தோ பிறக்கக்கூடும்.

1970ஆம் ஆண்டு முதலே சர்க்கார் கர்ப்பிணிகளுக்கு இரும்பு மாத்திரை வழங்கும் திட்டம் நடத்தி வருகிறது. அப்படியிருந்தும் 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், நம் தேசத்துக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேருக்கு ரத்த சோகை காணப்பட்டது. காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, மாத்திரை வீட்டு அலமாரியிலேயே தங்கிவிடுவது. “குழந்தை கறுத்துவிடும்”, “பெருத்துவிடும்” என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். இவற்றுக்கு ஆதாரமே கிடையாது. மலம் கறுப்பாகப் போவது மாத்திரையின் இயல்பு, அஞ்ச வேண்டாம். குமட்டல் கண்டால் தாமாக நிறுத்தாமல் வைத்தியரைக் கேட்பதே உசிதம்.

நான்காம் மாதம் முதல் தினம் ஒரு மாத்திரை என்பது இப்போதுள்ள முறை. அதை விழுங்கியவுடன் காப்பியோ தேநீரோ அருந்தினால் இரும்பு உடலில் சேர்வது குறையும். ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கால்ஷியம் மாத்திரையை வேறு வேளையில் உட்கொள்ளவேண்டும். நெல்லிக்காயும் எலுமிச்சம்பழமும் இரும்பு சேர்வதற்குத் துணை செய்யும். கீரை, பயறு, கம்பு, மாமிசம் உண்போருக்கு இறைச்சி, மீன் ஆகியவை நல்லவையே. ஆனால் கர்ப்ப காலத் தேவைக்கு ஆகாரம் மட்டும் பெரும்பாலும் போதாது.

எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை மருமகள் உண்ணும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. மாமியார்களும் கணவன்மார்களும் அதை மாற்றவேண்டும். பிள்ளை பிறக்கும் வரையிலும் பிறந்த பின்னும் முதல் இலை அவளுக்கே போடப்படட்டும்.