மூத்த நக்ஷத்திர மீன்

நக்ஷத்திர மீன் என்று பெயரே ஒழிய, அது மீன் ஜாதியன்று; முதுகெலும்பும் இல்லை, தலையும் இல்லை. அதன் வமிச மூலம் யாது என்ற நெடுநாள் வினாவுக்கு மொராக்கோ தேசத்துப் பெஸுவாட்டாப் பாறைகள் ஒரு விடை தந்திருக்கின்றன. ஏறக்குறைய 48 கோடி வருஷங்களுக்கு முன் வாழ்ந்து அற்றுப்போன அப்பிராணிக்கு, ஹன்ட்டர், ஒர்ட்டேகா-ஹெர்னாண்டஸ் என்னும் இரு பண்டிதர்கள் 2021-ஆம் வருஷம் 'கான்டப்ரிஜியாஸ்டர்' என்று நாமகரணம் செய்தனர். கேம்பிரிட்ஜின் லத்தீன் பெயர் அதில் அடங்கியுள்ளது. மொராக்கோவின் பொருளுக்கு இங்கிலாந்தின் பெயரா என்று நமக்குக் கேட்கத் தோன்றுகிறது, நிற்க.

அதன் கையின் நடுவே சுண்ணாம்புச் சத்தாலான எலும்புத் துண்டுகள் இரட்டை வரிசையாக அமைந்துள்ளன. அவற்றினின்று இருபுறமும், தென்னங்கீற்றில் ஈர்க்குகள் பிரிவதுபோல், மெல்லிய குச்சிகள் கிளைக்கின்றன. இன்றைய நக்ஷத்திர மீனுக்கோ உடலின் ஓரத்தை வளைத்துக் கட்டும் எலும்பு வரிசையொன்று உண்டு. இதற்கு அது கிடையாது. கரையில்லாத வேஷ்டி என்று வைத்துக்கொள்ளலாம். இக்குறை கடல் அல்லியின் சாயலை அதற்கு அளிக்கிறது. ஆதலின் நக்ஷத்திர மீன் வமிசத்தின் முதற்கிளையாக அதை வைத்தனர்.

இவ்வகையில் ஒன்று மெக்ஸிகோவின் மேற்குக் கடலில் இன்னும் ஜீவித்திருப்பதாக 1962-இல் பெல் என்பவர் அறிவித்தார். பிளேக் என்பவர் எலும்பு எலும்பாகச் சோதித்து, 1982-இல் அதை மறுத்தார். நம் மன்னார்க் குடாவிலும் வாழும் லூயிடியா இனத்ததே அது. இதழ் போன்ற கைகள்தாம் மயக்கிவிட்டன.