வீட்டு வண்டி: ஆட்டோ டாப் ஒழுகுதா? புது டாப் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு திங்கள்கிழமை காலை. பள்ளிக்கூட சவாரி ஏற்றிய ஆட்டோ ஒன்று சிக்னலில் நிற்கிறது. பின் சீட்டில் மூன்று பிள்ளைகள். நடுவில் இருக்கும் மூன்றாம் வகுப்புப் பாப்பா பையைத் திறந்து நோட்டை எடுத்துப் பார்க்கிறாள். அட்டை நனைந்து உப்பியிருக்கிறது.

"அங்கிள், மேலேயிருந்து சொட்டுது."

"இன்னிக்கு ஒரு நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ பாப்பா."

மாலையில் பாப்பாவின் அம்மா வாசலிலேயே நிற்கிறார். "அண்ணா, தப்பா நினைச்சுக்காதீங்க. மழை முடியுற வரைக்கும் வேற வண்டி பாத்துக்கறோம்." டாப்பில் விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். அதனால் ஒரு மாதச் சவாரி கைவிட்டுப் போகிறது.

மழைக்காலத்தில் ஆட்டோ ஓட்டும் பலருக்கும் இது தெரிந்த கதைதான். சென்னைக்குக் கிடைக்கும் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. சவாரி அதிகம் கிடைப்பதும் அப்போதுதான், டாப் காலை வாருவதும் அப்போதுதான். குஷன் கடையில் கேட்டால், "முழுசா மாத்திடுங்கண்ணே" என்பார்கள். எல்லாக் கிழிசலுக்கும் அது தேவைப்படாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தால் பாதிப் பிரச்னையை வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாம்.

டாப் ஏன் கிழிகிறது?

ஆட்டோ டாப்பை நாம் ரெக்சின் என்கிறோம். ரெக்சின் என்பது இங்கிலாந்தில் செயற்கைத் தோல் தயாரித்த ஒரு நிறுவனத்தின் பிராண்டு பெயர். அதுவே பொருளின் பெயராக நம் ஊரில் நிலைத்துவிட்டது. இன்று டாப்புக்குப் போடும் ரெக்சினில் இரண்டு அடுக்கு இருக்கும். உள்ளே நெய்த துணி, வெளியே பி.வி.சி. பூச்சு. தண்ணீரைத் தடுப்பது பூச்சு. இழுவையைத் தாங்குவது துணி.

பி.வி.சி. வளைந்துகொடுப்பதற்காக அதில் எண்ணெய் போன்ற ஒரு பொருளைச் சேர்ப்பார்கள். வெயிலில் அது மெல்ல மெல்ல வெளியேறிவிடும். பிறகு பூச்சு விறைத்து, மடிப்பு விழும் இடங்களில் வெடிக்கும். அந்த வெடிப்பில் தண்ணீர் இறங்கித் துணி இற்றுப்போகும். இன்னொரு பக்கம், டாப்பைத் தாங்கும் இரும்புக் குழாயில் துரு ஏறினால் அது அரம் மாதிரி உள்ளேயிருந்து ராவிக்கொண்டே இருக்கும். எனவே, கிழிசலைப் பார்த்ததும் அதற்கு நேர் கீழே இருக்கும் குழாயைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடித்து, பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றிவிடுங்கள். இதைச் செய்யாமல் போடும் ஒட்டு அடுத்த மழைக்கே கிழியும்.

ஒழுகும் இடம் எது?

சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. தண்ணீர் குழாயைப் பிடித்துக்கொண்டு ஓடி, தாழ்வான இடத்தில் வந்து சொட்டும். கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் காய்ந்த வண்டிக்குள் சாக்பீஸோடு உட்கார வேண்டும். இன்னொருவர் மேலேயிருந்து மக்கில் தண்ணீரை மெதுவாக, ஒவ்வொரு பகுதியாக ஊற்ற வேண்டும். முதல் ஈரம் எங்கே தெரிகிறதோ அங்கே ஒரு வட்டம். கீழ்ப் பக்கத்தில் ஆரம்பித்து மேல்நோக்கிப் போனால் குழப்பம் வராது.

சேதம் மூன்று விதம்

1. தையல் பிரிந்தது: துணி நன்றாக இருக்கும், நூல் மட்டும் இற்றிருக்கும். பழைய ஊசித் துளைகள் வழியாகவே பாலியஸ்டர் நூலால் கையால் தைத்துவிடலாம். புதிதாகத் துளை போடக் கூடாது. ஒவ்வொரு துளையும் தண்ணீருக்கு ஒரு வழி. பருத்தி நூல் ஈரத்தில் சீக்கிரம் இற்றுப்போகும்.

2. ஊசிமுனை ஓட்டை, மேல் வெடிப்பு: துணி அறுந்திருக்காது. வெளிப்பக்கம் சின்ன ஒட்டு போதும்.

3. துணியோடு கிழிந்தது: உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு ஒட்டு வேண்டும்.

ஒட்டுப் போடும் முறை

மழை இல்லாத நாளாக, நிழலான இடமாகப் பாருங்கள். சோப்புத் தண்ணீரால் கழுவி முழுசாகக் காயவிடுங்கள். உள்பக்கத் துணியில் ஈரம் தங்கியிருந்தால் பசை பிடிக்காது. பளபளப்புக்காக டாப்பில் பாலிஷ் போடும் பழக்கம் இருந்தால் அந்த எண்ணெய்ப் பசையும் போக வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்து இரண்டு தடவை துடையுங்கள். பிறகு உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் பசைக்குப் பிடிமானம் கிடைக்கும்.

ஒட்டுத் துண்டு கிழிசலைவிட எல்லாப் பக்கமும் 5 செ.மீ. பெரிதாக இருக்கட்டும். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். கூர்மையான மூலைதான் முதலில் உரியும். கிழிசலின் இரண்டு ஓரங்களையும் இழுத்துச் சேர்த்து, அகலமான தையலாக நான்கைந்து போட்டுக்கொள்ளுங்கள். முதலில் உள்பக்கம் கெட்டியான கித்தான் துணியை ஒட்டுங்கள். இழுவையைத் தாங்கப்போவது அதுதான். வெளியே ரெக்சின் துண்டு, தண்ணீரைத் தடுக்க.

ஒன்றுக்கு மேல் துண்டு வைக்க வேண்டியிருந்தால் கூரை வேய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். கீழ் வரிசையை முதலில் வைத்து, மேல் வரிசை அதன் மீது ஏறும்படி போடுவார்கள். இங்கேயும் அப்படித்தான். மாற்றி வைத்தால் வழிந்து வரும் தண்ணீர் நேராக ஒட்டுக்கு அடியில் புகுந்துவிடும்.

எந்தப் பசை?

உள்பக்கம் துணியும் துணியும் சேர்வதால், செருப்புக் கடைகளிலும் குஷன் கடைகளிலும் பயன்படுத்தும் ரப்பர் பசை போதும். இரண்டு பக்கமும் பூசி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு.

வெளிப்பக்கம் அதே பசை நாளடைவில் இளகிவிடும். பி.வி.சி.யிலிருந்து வெளியேறும் அந்த எண்ணெய்தான் காரணம். தார்ப்பாய் கடையில், வளையும் பி.வி.சி.க்கான பசை என்று சொல்லிக் கேளுங்கள். ஒட்டியபின் பூரிக்கட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். ஒரு நாள் முழுக்க வண்டியை நிறுத்திவைத்துவிட்டு, மறுபடியும் மக்கில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

இதையெல்லாம் செய்யாதீங்க

* நொடியில் ஒட்டும் பசையும், பிளம்பர் குழாய்க்குப் போடும் பசையும் காய்ந்தால் விறைத்துவிடும். டாப் ஆடும்போது வெடிக்கும்.
* பஞ்சர் கடை சொல்யூஷன் ரப்பருக்கானது. பி.வி.சி.யில் நிற்காது.
* சிலிக்கான் பூசினால் பிறகு அந்த இடத்தில் வேறு எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது. நல்ல ஒட்டுப் போடும் வாய்ப்பும் போய்விடும்.
* பெட்ரோல், மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்காதீர்கள். இந்தப் பசைகளின் ஆவியும் தீப்பிடிக்கக்கூடியது. திறந்தவெளியில் வைத்து வேலை செய்யுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட், அகர்பத்தி எதுவும் வேண்டாம். கேஸ் வண்டி என்றால் இன்னும் கவனம்.

ஜீப் வைத்திருப்பவர்களுக்கு

பழைய ஜீப்பில் இருப்பது கித்தான் டாப் என்றால், பூச்சு இல்லாததால் நெசவின் வழியாகவே தண்ணீர் கசியலாம். ஓட்டை இருக்காது, ஆனால் நனையும். ஒட்டுப் போட்டுப் பயனில்லை. சோப்பு மிச்சம் இல்லாமல் அலசிக் காயவைத்து, கித்தானுக்கான தண்ணீர் தடுப்பு திரவத்தை அடிக்க வேண்டும். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடினால் வேலை சரியாக நடந்திருக்கிறது.

எப்போது மாற்றியே ஆக வேண்டும்?

டாப்பின் ஓரத்தை இரண்டு விரலால் மடித்துப் பாருங்கள். மடித்த இடத்தில் பூச்சு பொடிப்பொடியாக உதிர்ந்தாலோ, உள்துணியை லேசாக இழுத்ததும் கிழிந்தாலோ ஒட்டுக்குப் பிடிமானமே கிடையாது. பசைக்குச் செலவழிக்கும் காசும் வீண். சென்னையில் இருப்பவர்கள் புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் சாலைப் பக்கம் நான்கு கடை ஏறி இறங்கி, விலை விசாரித்துவிட்டு முடிவு செய்யலாம். எஃப்.சி. தேதி நெருங்குகிறதென்றால் டாப் வேலையைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

அந்தப் பள்ளிக்கூட ஆட்டோவின் டாப்பை மடித்துப் பார்த்தால் பூச்சு உதிரவில்லை. துணியும் கெட்டி. சைக்கிள் டியூப், கித்தான் துண்டு, ஒரு டப்பா பசை. ஞாயிற்றுக்கிழமை பகலில் வேலை முடிகிறது. மறுநாள் முழுக்க வண்டி வாசலிலேயே நிற்கிறது. சாயங்காலம் மனைவி மேலே தண்ணீர் ஊற்ற, அவர் உள்ளே சாக்பீஸோடு உட்கார்ந்திருக்கிறார். வட்டம் போட இடமே கிடைக்கவில்லை. போனை எடுக்கிறார்.

"அம்மா, டாப்பை சரி பண்ணிட்டேன். நாளைக்கு ஒரு நாள் மட்டும் அனுப்பிப் பாருங்க. நனைஞ்சா காசு வேணாம்."

செவ்வாய்க்கிழமை காலையும் மழைதான். பாப்பா ஏறி உட்கார்ந்ததும் முதலில் தலையைத் தூக்கி மேலே பார்க்கிறாள். பிறகு நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள்.