எது ஓர் எழுத்து என்று வரைவிலேயே சொல்லுங்கள்

பனுவலின் ஒரு துண்டைச் சுட்டும் தொழில்நுட்பத் தரத்தின் வரைவைப் பரிசீலிக்கும்போது, “கட்டமைப்பை முதலில் பார்ப்போம், எழுத்து, வரி என்றால் யாருக்குத்தான் தெரியாது?” என்று சொல்லிவிடுகிறார்கள். சி.வி. வேலுப்பிள்ளை போன்றோர் தேடித் தொகுத்த மலையக நாட்டார் பாடல்கள் மின்னூலாகும் காலத்தில் இந்த வாதம் நமக்குத்தான் முதலில் கேடு. மலையகத்து ஹட்டனில் எந்தப் பள்ளிப் பிள்ளைக்கும் ‘கொழுந்து’ நான்கெழுத்துச் சொல். யுனிகோடில் அதே சொல் எட்டுக் குறிப்புள்ளிகள், அதாவது எழுத்துக்கும் அதன் குறிக்கும் தனித்தனியே தரப்பட்ட எட்டு எண்கள். ‘கொ’வின் கொம்பையும் காலையும் தனித்தனியே பதிந்திருந்தால் ஒன்பது. யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 24 பைட், அல்லது 27. திரையில் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். வரைவு ‘எழுத்து’ என்று மட்டும் சொன்னால், ஒரு மென்பொருள் நான்கு என எண்ணும், மற்றொன்று எட்டு என எண்ணும். நாலைந்து அடி தாண்டுவதற்குள் சுட்டி வேறு பாட்டில் போய் நிற்கும். வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2017இல் வெளியிட்ட வலைக் குறிப்புரைத் தரம், குறிப்புள்ளிகளையே எண்ண வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்வது இதனால்தான்.

எண்ணே வேண்டாம், சொற்களையே மேற்கோளாகக் கொடுத்துத் தேடலாம் என்பார்கள். நல்ல வழிதான். ஆனால் இருவிதமாகப் பதிந்த ‘கொழுந்து’ இரண்டும் ஒன்றா, வேறா? இயல்பாக்கிய பிறகே, அதாவது இருவிதப் பதிவையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்த பிறகே, ஒப்பிட வேண்டும் என்று எழுதியிருந்தால்தான் ஒன்று. மேலும், நாட்டார் பாடலில் ஒரே அடி பல பாட்டுகளில் திரும்ப வரும். முன்னும் பின்னும் உள்ள சொற்களையும் சேர்க்காவிட்டால் எந்தப் பாட்டைச் சுட்டுகிறோம் என்பதே தெரியாது. வரியும் அப்படித்தான். வெறும் பனுவல் கோப்பின் பகுதியைச் சுட்ட 2008இல் வந்த இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 5147 வரிமுறிவை வைத்து வரியை எண்ணுகிறது. கும்மியின் ஓரடியைப் பதிப்பாளர் தாளின் அகலத்துக்கேற்ப இரண்டாக முறித்திருந்தால் அந்த எண்ணுக்கும் பாட்டின் அடிக்கும் தொடர்பில்லை.

குறையைப் பிறகு திருத்தலாம் என்பது எல்லாவற்றிலும் பலவீனமான வாதம். ஈரத்துக்கும் கூடைக்கும் எத்தனை கிலோ கழிப்பது என்பதைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுத்த பிறகா பேசி முடிப்பது? ஆய்வேடுகளிலும் பாடக் குறிப்புகளிலும் சுட்டிகள் ஏறிவிட்டால், விளக்கத்தை மாற்றும் நாளில் பழையவை அத்தனையும் பிழையாகும். இப்படிச் சொற்களை ஆராய்வது வேலையைத் தாமதப்படுத்தும் என்ற கவலை நியாயமானதே. ஆனால் கேட்பது அரைப் பக்கம்தான்: எண்ணும் அலகு எது, எண்ணிக்கை பூச்சியத்திலா ஒன்றிலா தொடங்குகிறது, ஒப்பிடுமுன் இயல்பாக்க வேண்டுமா. கூடவே, இருவிதமாகப் பதிந்த ‘கொழுந்து’ சோதனைச் சொல்லாக, எதிர்பார்க்கும் விடையோடு வரைவின் பின்னிணைப்பில் இருக்கட்டும்.