1,500 கோடி மைலுக்கு அப்பால் ஒரு ரிப்பேர்!

வீட்டில் பழைய ரேடியோ ஒன்று இருக்கிறது. திடீரென்று பாட்டு நின்று விட்டது. 'கர்... கர்...' என்ற சத்தம் மட்டும் வருகிறது. என்ன செய்வோம்? ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவோம். கடைக்காரர் மூடியைக் கழற்றுவார். கெட்டுப்போன பாகத்தை எடுத்துவிட்டு, புதிதாக ஒன்றைப் பொருத்துவார்.

அந்த ரேடியோ 1,500 கோடி மைலுக்கு அப்பால் இருந்தால்? யார் போய் மூடியைக் கழற்றுவது?

அமெரிக்க என்ஜினீயர்கள் சிலருக்கு இப்படி ஒரு சோதனை வந்தது. அதில் அவர்கள் ஜெயித்தார்கள்.

5 ஆண்டு போதும் என்றார்கள்!

'வாயேஜர்-1' ஆள் இல்லாத விண்கலம். 1977-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந்தேதி அமெரிக்கா அதை ஏவியது. 1979-ல் வியாழன் கிரகத்தையும், 1980-ல் சனி கிரகத்தையும் அது நெருங்கிப் படம் பிடித்தது. 5 ஆண்டு உழைத்தால் போதும் என்று கட்டப்பட்ட கலம் அது.

வந்த வேலை முடிந்தும் அது ஓயவில்லை. போய்க்கொண்டே இருந்தது. சூரியனில் இருந்து வீசும் காற்று எட்டும் எல்லை ஒன்று உண்டு. 2012-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ந்தேதி அந்த எல்லையையும் தாண்டியது. மனிதன் செய்த பொருள் எதுவும் அதற்கு முன் அங்கே போனது கிடையாது.

உளறியது!

2023-ம் ஆண்டு நவம்பர் மாதம் சோதனை வந்தது. விண்கலத்தின் குரல் கேட்டது. ஆனால், ஒன்றும் விளங்கவில்லை. எல்லாம் உளறல்!

கலிபோர்னியாவில் உள்ள ஆராய்ச்சிக்கூடத்தில் என்ஜினீயர்கள் மாதக்கணக்கில் ஆராய்ந்தார்கள். 2024 மார்ச்சில் குற்றம் பிடிபட்டது. விண்கலத்துக் கம்ப்யூட்டர் ஒன்றில் ஒரு 'சிப்' கெட்டுவிட்டது. அதனால் அந்தக் கம்ப்யூட்டரின் நினைவில் 100-க்கு 3 பங்கு பாழ்.

அந்தக் கம்ப்யூட்டரின் நினைவு மிகவும் சிறியது. இன்று செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோவைக்கூட அதில் அடைக்க முடியாது! கெட்ட இடத்தில் இருந்த கட்டளைகளை முழுசாக வைக்க வேறு இடம் இல்லை. எனவே, அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். மிச்சம் இருந்த சந்து பொந்துகளில் வைத்தார்கள். வீடு இடிந்தால், சாமான்களை உறவினர் வீடுகளில் பிரித்து வைப்போம் அல்லவா? அதுபோலத்தான்!

ஏப்ரல் 18-ந்தேதி முதல் பகுதியை ரேடியோ மூலம் அனுப்பினார்கள். ஒளியின் வேகத்தில் போயும், அங்கே சேர 22½ மணி நேரம் ஆனது. பதில் வர இன்னொரு 22½ மணி நேரம். 20-ந்தேதி பதில் வந்தது. உளறல் நின்றது, விண்கலம் புரியும்படி பேசியது! ஜூன் மாதம் அதன் 4 கருவிகளும் மீண்டும் வேலை செய்தன.

இந்தப் பாடு எதற்கு?

"பழசைக் கட்டிக்கொண்டு ஏன் அழ வேண்டும்? புதிதாக ஒன்றை அனுப்பலாமே?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

ஆனால், அந்த எல்லையை எட்ட வாயேஜர்-1-க்கு 35 ஆண்டு பிடித்தது. அதன் ஜோடியான வாயேஜர்-2, 2018-ல்தான் தாண்டியது. அங்கே இருந்து மனிதனுக்குச் செய்தி சொன்னவை இந்த இரண்டும்தான். புதிதாக ஏவிவிட்டு, எத்தனை ஆண்டு காத்துக்கிடப்பது?

விண்கலத்துக்கு வயதாகிவிட்டது. அதன் மின்சாரம் ஆண்டுதோறும் 4 வாட் வீதம் குறைகிறது. 2025 பிப்ரவரியில் அதன் கருவி ஒன்றை என்ஜினீயர்களே நிறுத்தினார்கள். மற்றவை இன்னும் சில காலம் ஓடட்டும் என்றுதான்! வருமானம் குறைந்த வீட்டில் தாய் செலவைச் சுருக்குவதுபோல, வாட் கணக்குப் பார்த்துக் காப்பாற்றுகிறார்கள்.

எழுதி வைத்தார்கள்

விண்கலத்தைக் கட்டியவர்களில் பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். பலர் இறந்துவிட்டார்கள். 1972 முதல் 2022 வரை, 50 ஆண்டு காலம் இந்தத் திட்டத்தின் தலைமை விஞ்ஞானியாக இருந்தவர் எட்வர்டு ஸ்டோன். ஏப்ரலில் விண்கலம் பேசியது. ஜூன் 9-ந்தேதி அவர் காலமானார். அவருக்கு வயது 88.

ஆள் போனாலும் வேலை நிற்கவில்லை. காரணம், அன்று வேலை செய்தவர்கள், செய்ததை எழுதி வைத்தார்கள். பழுது வந்தால் இன்றைய என்ஜினீயர்கள் அந்தப் பழைய காகிதங்களைப் புரட்டி வழி தேடுகிறார்கள். தொழில் ரகசியம் என்று அன்று மூடி வைத்திருந்தால் இன்று என்ன ஆகியிருக்கும்?

ராக்கெட் கிளம்பும்போது எல்லோரும் கை தட்டுகிறோம். 40 ஆண்டு கழித்து அதைக் கட்டிக் காப்பவரை யார் பார்க்கிறார்கள்? கட்டியவர் பெயர் கல்லில் இருக்கும். காத்தவர் பெயர் எங்கும் இருக்காது. இது சரி அல்ல என்பதே என் கருத்து.

என்றாவது ஒருநாள் மின்சாரம் தீரும். அந்தக் குரல் நின்றுவிடும். அன்று உலகமே வருத்தப்படும். பாராட்டுவதை அதுவரை தள்ளிப்போட வேண்டாம்!